குடுவைக் கொடியைப் பூக்க விடலாமா?

வெங்காயப் பாத்தியில் பூத்தண்டு எழுமாயின் கமக்காரர் அதனை உடனே கிள்ளிவிடுவர். பூத்தண்டு விட்ட வெங்காயத்தின் கிழங்கு நன்கு பருக்காது. பருத்தாலும் நெடுநாள் இருப்பிற் கிடவாது. ஆனால் விதைக்கென்று ஒதுக்கிய பாத்தியிலோ அதே பூத்தண்டைக் கண்ணுங் கருத்துமாகக் காப்பர். ஆகவே, பூவைக் கிள்ளுவதும் விடுவதும் பயிரின் இயல்பை மட்டுமன்றிப் பயிரிடுவோர் நாடும் பயனையும் பொறுத்தனவாகும்.

இதே கேள்வி வீட்டு முற்றத்தில் வளர்க்கப்படும் குடுவைக் கொடி பற்றியும் எழுகின்றது. களுத்துறை, காலி, இரத்தினபுரி முதலிய ஈரவலய மாவட்டங்களில் நெல்லும் காய்கறியும் பயிரிடும் குடும்பங்கள் சில, பூஞ்செடிகளை நாற்றுச் சட்டிகளில் வளர்த்து விற்றுச் சிறு வருவாய் தேடுகின்றன. அச்செடிகளுள் பூச்சியுண்ணும் குடுவைக் கொடிக்கு எப்பொழுதும் கேள்வியுண்டு. அதிற் பூங்கொத்து தோன்றியதும், “பூத்தால் கொடி செத்துவிடும், வெட்டிவிடுங்கள்” என்பார் ஒருசாரார். “இயற்கையாக வருவதைத் தடுத்தல் ஆகாது” என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழு உண்மையல்ல. எக்கொடியை வெட்டுவது, எக்கொடியை விடுவது என்பதை இப்பிரசுரம் விளக்குகின்றது.

கொடியின் இயல்பு

இலங்கையில் இயற்கையாக வளரும் குடுவைக் கொடி ஒரே இனத்தைச் சேர்ந்தது. சிங்களத்தில் இதனைப் பாந்துரா என்பர். இதன் தாவரவியற் பெயர் நெப்பந்தீசு திசுதிலற்றோரியா என்பதாம். சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் இலின்னேயசு 1753 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயரை வழங்கினார். குடுவையினுள் நிற்கும் தெளிந்த நீர், வடித்தெடுத்த நீர் போன்றிருத்தலின் இப்பெயர் வந்தது. இவ்வினம் இலங்கைக்கே உரியது. பிற நாட்டில் எங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை.

தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலங்களிலும் குறைந்த உயரமுள்ள மலைச்சரிவுகளிலும் இக்கொடி காணப்படும். காட்டோரம், பற்றைக்காடு, ஈரந் தேங்கும் புல்வெளி, வெட்டப்பட்ட செம்மண் மேட்டின் விளிம்பு ஆகிய வெளிச்சமான இடங்களே இதற்கு உகந்தன. இவ்விடங்களின் மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மையுடையது. மழையினால் சத்துக்கள் கழுவப்பட்டு மெலிந்தது. நெல்லோ கத்தரியோ அங்கு நட்டால் மஞ்சளித்து நிற்கும். பிற செடிகள் ஒதுக்கிய அந்நிலத்திலேயே இக்கொடி செழிக்கின்றது.

உணவு தேடும் முறை

குடுவை என்பது பூவன்று, காயுமன்று. இலையின் நடுநரம்பு இலைநுனியைக் கடந்து பற்றுக்கம்பி போல நீண்டு, அதன் முனை பருத்துக் குடுவையாகின்றது. எனவே குடுவை இலையின் ஒரு பகுதியேயாகும். குடுவையின் வாய்விளிம்பிலும் மூடியின் கீழ்ப்புறத்திலும் இனிய நீர் சுரக்கும். அதனை நாடிவரும் எறும்பும் ஈயும் வழுக்கும் விளிம்பில் நிலைதவறி உள்ளே வீழ்ந்து, மேலேற முடியாமல் அமிழ்ந்து இறக்கும். குடுவை நீரிலுள்ள செரிநொதியங்கள் அவற்றைக் கரைக்க, நைதரசன், பொசுபரசு முதலிய சத்துக்களைக் கொடி உறிஞ்சிக்கொள்ளும்.

மூடியானது பூச்சி வீழ்ந்தவுடன் மூடிக்கொள்ளும் என்று சிலர் கருதுவர். அது தவறு. ஒருமுறை திறந்த மூடி பின்னர் மூடுவதில்லை. மழைநீர் நிறைந்து குடுவைநீர் நீர்த்துப் போகாமற் காப்பதே அதன் முதன்மையான தொழில்.

நெல் வயலில் நாம் இடும் யூரியா வேரின் வழியே செல்கின்றது. இக்கொடிக்கு அத்தகைய சத்து இலையின் வழியே, அதுவும் எறும்பு எறும்பாகச் சேர்கின்றது. மாவுச்சத்தை ஏனைய பயிர்களைப் போலவே சூரிய ஒளியைக்கொண்டு பச்சையிலைகள் ஆக்கிக்கொள்ளும். ஆயினும் நைதரசன் வரவு சிறிது. ஆதலின் செலவிலும் சிக்கனம் வேண்டும். பூக்க விடலாமா என்ற கேள்வியின் மூலம் இதுவே.

ஆண்கொடியும் பெண்கொடியும்

பூசணிக் கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் உண்டாகும். பனையில் அவ்வாறன்று, ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. குடுவைக் கொடி பனையின் வழியைச் சார்ந்தது. ஒரு கொடி ஆணாயின் அது என்றும் ஆண்பூவையே பூக்கும். பெண்ணாயின் பெண்பூவையே பூக்கும். பனையைப் போலவே, பூக்கும் வரைக்கும் அதன் பால் இன்னதென்று இலையைக்கொண்டோ குடுவையைக்கொண்டோ அறிய இயலாது.

பூங்கொத்து கொடியின் நுனியிலே தோன்றும். பூக்கள் மிகச் சிறியன, இதழ்கள் இல்லை, பச்சையோ சிவப்போ கலந்த நான்கு பூவுறை மடல்களே உண்டு. கொத்தின் அடியிலுள்ள பூக்கள் முதலில் மலர்ந்து, படிப்படியாக மேலுள்ளவை மலரும். ஆண்பூவின் நடுவில் ஒரு சிறு காம்பும் அதன் தலையில் மகரந்தத்தூள் நிறைந்த உருண்டையும் காணப்படும். அவ்வுருண்டையைக் கறுப்புக் காகிதத்தில் தட்டினால் மஞ்சள் தூள் உதிரும். பெண்பூவின் நடுவிலோ சிறு காய் போன்ற சூலகம் பருத்திருக்கும். அதன் உச்சியில் சூல்முடி ஒட்டியிருக்கும். இவ்வேறுபாட்டை ஒருமுறை கண்டவர் பின்னர் மறவார்.

இதனால் விளங்குவது யாதெனின், ஒரேயொரு கொடியை வைத்திருப்போர் அதனை எத்தனை முறை பூக்கவிட்டாலும் அயலில் எதிர்ப்பாலுடைய கொடி அதே காலத்தில் பூத்தாலன்றி முளைக்கும் விதை கிடையாது.

பூப்பதனால் வரும் செலவு

“பூத்தால் கொடி செத்துவிடும்” என்னும் கூற்று கீரைக்கும் நெல்லுக்கும் பொருந்தும், இக்கொடிக்குப் பொருந்தாது. நெல் ஒருமுறை கதிர் ஈன்று விளைந்ததும் பட்டுவிடும். குடுவைக் கொடி பல்லாண்டு வாழ்வது. பூங்கொத்து நுனியில் எழுந்த பின்னர், அதற்குக் கீழுள்ள இலைக்கக்கத்திலிருந்து மொட்டொன்று கிளைத்துக் கொடியைத் தொடர்ந்து வளர்க்கும்.

ஆயினும் செலவு இல்லையென்பதற்கில்லை. பூங்கொத்து வளருங் காலத்தில் புதிய இலைகள் தாமதித்து வரும். வரும் இலைகளிலும் குடுவைகள் சிறுத்திருக்கும். சிலவற்றில் குடுவை உருவாகாமலே பற்றுக்கம்பி காய்ந்துவிடும். குடுவை குறைந்தால் பூச்சி குறையும்; பூச்சி குறைந்தால் சத்து குறையும். வலுவுள்ள கொடி இக்குறையைச் சில மாதங்களில் ஈடுசெய்துகொள்ளும். வலுவற்ற கொடிக்கோ இது பெருஞ்சுமையாகும்.

இச்செலவு இருபாலார்க்கும் ஒத்ததன்று. ஆண்கொடி மகரந்தத்தை உதிர்த்ததும் அதன் பூங்கொத்து வாடிவிடும். பெண்கொடியோ மகரந்தம் சேர்ந்த பின்னரே பெருஞ் செலவைத் தொடங்குகின்றது. ஒவ்வொரு காயையும் ஏறக்குறைய இரண்டு மூன்று மாதம் சுமந்து, அதனுள் விதைகளை நிரப்ப வேண்டும். எனவே பெண்கொடியில் பூவைக் காட்டிலும் காயே பெரிய பாரம். பூத்த பெண்கொடியில் மகரந்தம் சேராவிடின் பூக்கள் சில வாரங்களில் உலர்ந்து உதிரும். கொடிக்குப் பெரிய இழப்பில்லை.

பிறநாட்டுச் செடிகளுக்குரிய அறிவுரை

வட அமெரிக்காவில் இலையை மடித்துப் பூச்சி பிடிக்கும் ஈப்பொறிச் செடி ஒன்றுண்டு. அதன் பூத்தண்டைத் தோன்றியவுடன் வெட்டிவிடும்படி அதனை வளர்ப்போர் கூறுவர். அது நிலத்தோடு படிந்த சிறு செடி. தன் உடலளவைப் பார்க்கிலும் மிக உயர்ந்த தண்டை எழுப்புவது. ஆதலின் மெலிந்த செடி பூத்துக் களைத்துவிடும். அந்நாட்டுக் குடுவைச் செடிகள் சில, இளவேனிலில் முதலிற் பூத்துப் பின்னரே புதிய குடுவைகளை விடுவன. குளிர்காலத்தில் நிலத்தடித் தண்டிற் சேமித்த உணவு பூவுக்கு உதவும். இச்செடிகளுக்குக் கூறிய அறிவுரையை ஆராயாமல் நம் நாட்டுக் கொடிக்குப் பொருத்துதல் தகாது.

நம் நாட்டிலேயே இதற்கு எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. ஈரமான மணற்றரைகளில் பசைத்துளிகளோடு மின்னும் அழுகண்ணிப் பூண்டு பூச்சியுண்பதே. அதன் இனங்களுட் சில ஓராண்டுக்குள் வாழ்ந்து முடிவன. அவற்றின் பூவைக் கிள்ளினால் அடுத்த மாரியில் அவ்விடத்தில் பூண்டே இராது. ஓராண்டுப் பூண்டு பூத்தேயாக வேண்டும். பல்லாண்டுக் கொடியோ ஓராண்டு பொறுக்கலாம். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மயக்கந் தீரும்.

எப்பொழுது கிள்ள வேண்டும்

பின்வரும் நிலைகளில் பூங்கொத்து விரலளவு எழுந்ததும் கூரிய, தூய கத்தியால் அதன் அடியில் வெட்டிவிடல் நன்று.

முதலாவது, தண்டுத் துண்டிலிருந்து வேர்விட்டு ஓராண்டேனும் ஆகாத இளங்கொடி. இதன் வேர் இன்னும் பரவவில்லை. தாய்க்கொடி முதிர்ந்திருந்தமையால் துண்டும் விரைவிற் பூக்கக் கூடும். அவ்வாறு பூப்பதைச் செழிப்பின் அறிகுறியென்று கொள்ளலாகாது.

இரண்டாவது, சட்டி மாற்றி நட்டுச் சில மாதங்களே ஆன கொடி.

மூன்றாவது, குடுவை விடாமல் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்குங் கொடி. அதில் நல்ல நிலையிலுள்ள குடுவைகள் நான்கைந்தேனும் இல்லாவிடின் பூவைத் தாங்கும் சத்து வரவு அதற்கில்லை.

நான்காவது, நோயோ பூச்சியோ பற்றிய கொடி. வெண்பஞ்சு போன்ற பூச்சிகள் பூங்கொத்தின் இளந்தண்டை விரும்பி மொய்க்கும். எறும்புகள் அவற்றைப் பேணும். அத்தகைய கொத்தை வெட்டி எரித்துவிடுக.

ஐந்தாவது, விற்பனைக்காக அழகிய குடுவைகளோடு நிறுத்த வேண்டிய கொடி. வாங்குவோர் விரும்புவது குடுவையையே; பூவையன்று.

பூங்கொத்தை வெட்டும்போது அதன் கீழுள்ள இலைகளைச் சேர்த்து வெட்டலாகாது. அடுத்த கிளை அவ்விலைக் கக்கத்திலிருந்தே வரவேண்டும்.

எப்பொழுது விட வேண்டும்

வலுவான கொடியொன்று முதன்முறை பூக்குமாயின், அக்கொத்தை மொட்டிலேயே வெட்டுதல் பெரும் பிழை. ஏனெனில் அக்கொடி ஆணா பெண்ணா என்பதைக் காட்டும் சான்று அதுவொன்றே. கொத்தின் அடியிலுள்ள சில பூக்கள் மலரும் வரைக்கும் பொறுத்து, பால் இன்னதென அறிந்து, ஒரு தகட்டில் எழுதிச் சட்டியிற் கட்டிவிடுக. பின்னர் வேண்டாவிடின் வெட்டலாம். இரண்டு மூன்று வாரப் பொறுமையால் இவ்வறிவு கிடைக்கின்றது. ஆண்டுதோறும் மொட்டிலேயே வெட்டிவரும் வீட்டிற் பத்துக் கொடிகள் இருந்தாலும், அவற்றுள் எது தாய், எது தந்தை என்பதை ஒருவரும் அறியார்.

ஆணும் பெண்ணும் ஒருங்கே பூத்துள்ள காலத்தில், இரண்டும் வலுவுடையனவாயின், தயங்காது பூக்கவிடல் வேண்டும். இது அடிக்கடி வாய்ப்பதன்று. அயல்வீட்டாருடன் கலந்து பேசினால் வாய்ப்புப் பெருகும். ஒரு வீட்டில் ஆண்கொடியும் மற்றொரு வீட்டில் பெண்கொடியும் இருப்பின், மகரந்தத்தைக் கொடுத்து விதையிற் பங்கு பெறலாம். காளை ஒருவரிடமும் பசு மற்றவரிடமும் இருந்தால் ஊரார் செய்துகொள்ளும் ஒழுங்கு போன்றதே இதுவும்.

காட்டிலோ வேலியோரத்திலோ தானாக வளர்ந்து பூத்திருக்கும் கொடியின் பூவை எக்காரணங் கொண்டும் கிள்ளலாகாது. அங்கு அது உதிர்க்கும் விதையே அடுத்த தலைமுறை.

மகரந்தம் சேர்த்தல்

இயற்கையிற் சிறு ஈக்களும் விட்டில்களும் பிற பூச்சிகளும் இவ்வேலையைச் செய்கின்றன. முற்றத்தில் நிற்கும் ஓரிரு கொடிகளுக்கு அவற்றை மட்டும் நம்புதல் போதாது. பாகலுக்கும் பூசணிக்கும் கையால் மகரந்தஞ் சேர்ப்போர்க்கு இது புதிய தொழிலன்று.

காலை வேளையில், மழையில்லாத நாளில், நன்கு மலர்ந்து மஞ்சள் தூள் தெரியும் ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுக. சூல்முடி பசுமையாகவும் ஈரப்பசையுடனும் மின்னும் நாளே தக்க நாள். கறுத்து உலர்ந்த சூல்முடி மகரந்தத்தை ஏற்காது. பூக்கள் அடியிலிருந்து மேலாக மலர்வதால், இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இதனைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆண்பூ முந்தியும் பெண்பூ பிந்தியும் மலருமாயின், மகரந்தத்தை உலர்ந்த காகிதத்தில் மடித்து, இறுக மூடிய போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குப் பின்னும் பயன்படுத்தலாம். ஈரம் பட்டால் பழுதாகும்.

ஒரு கொத்தின் எல்லாப் பூக்களுக்கும் மகரந்தஞ் சேர்க்க வேண்டுவதில்லை. அடியிலுள்ள பத்துப் பதினைந்து பூக்களுக்குச் சேர்த்து, எஞ்சிய மேற்பகுதியை வெட்டிவிட்டால் கொடியின் பாரம் குறையும். காய்களும் நன்கு முற்றும். கொத்து உள்ள காலத்தில் கிருமிநாசினி தெளித்தலைத் தவிர்க்க. அது பூவை நாடும் பூச்சிகளையும், கொடிக்கு உணவாகும் எறும்புகளையும் ஒருங்கே அழித்துவிடும்.

விதை எடுத்தலும் விதைத்தலும்

காய் பச்சை நிறம் மாறிக் கபில நிறமாகி, நுனியில் வெடிக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் காற்று விதையைக் கொண்டுபோய்விடும். ஏனெனில் விதை நூலிழை போல மெலிந்து, நடுவில் மாத்திரம் சிறிது பருத்திருக்கும். காய்கள் முற்றும் தறுவாயில் மெல்லிய துணிப்பையால் கொத்தை மூடிக் கட்டுதல் நன்று.

நெல் விதையைப் போல இவ்விதையை அடுத்த போகத்துக்கென்று கட்டிவைத்தல் ஆகாது. நாட்பட நாட்பட இதன் முளைதிறன் விரைந்து குறையும். எடுத்த கிழமையிலேயே விதைத்துவிடல் வேண்டும்.

தென்னந் தும்புத்தூளைப் பலமுறை மழைநீரிற் கழுவி உப்பு நீக்கி, அதனுடன் கழுவிய ஆற்றுமணலைச் சம அளவிற் கலந்து, ஆழமற்ற தட்டில் நிரப்புக. விதையை மேற்பரப்பில் தூவினாற் போதும், மண்ணால் மூடலாகாது. இவ்விதை முளைப்பதற்கு ஒளி வேண்டும். தட்டை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைக்க. மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஒருபுறம் ஒதுங்கும். ஆதலின் பனிபோலத் தெளிக்க வேண்டும்.

முளைகள் ஒன்று இரண்டு மாதங்களில் தோன்றும். வித்திலைகளுக்கு அடுத்து வரும் இலைகளிலேயே கடுகளவான குடுவைகளைக் காணலாம். நாற்று மிக மெதுவாக வளரும். விற்பனைக்குரிய அளவை அடைவதற்கு ஆண்டுகள் சில செல்லும். விரைவில் வருவாய் வேண்டுவோர் இதனை அறிந்தே தொடங்க வேண்டும்.

தண்டுத் துண்டுகள்

மிளகும் வெற்றிலையும் போலக் குடுவைக் கொடியும் தண்டுத் துண்டிலிருந்து வளரும். இரண்டு அல்லது மூன்று கணுக்களையுடைய முற்றிய துண்டை எடுத்து, இலைகளைப் பாதியளவு கத்தரித்து, மேற்கூறிய கலவையில் நட்டு நிழலிலும் ஈரக்காற்றிலும் வைத்தால், இரண்டு மூன்று மாதங்களில் வேர்விடும். இம்முறை விரைவானது. ஆயினும் ஆண்கொடியின் துண்டுகள் யாவும் ஆண். பெண்கொடியின் துண்டுகள் யாவும் பெண். ஒரே கொடியிலிருந்து நூறு துண்டுகள் நட்டாலும் விதை தரும் இணை அமையாது. தாய்க்கொடிக்கு ஒரு நோய் தாங்கும் ஆற்றல் இல்லையாயின் அந்நூற்றுக்கும் இல்லை. ஆகையால் துண்டு விற்பனைக்கு, விதை இனத்துக்கு என்று இரண்டையும் ஒருங்கே கையாளுதலே அறிவுடைமை.

நீரும் பசளையும்

பூக்கவிட்ட கொடிக்குப் பசளை இட்டு ஊக்கலாமென்று எண்ணுதல் காய்கறிக் கமக்காரர்க்கு இயல்பே. ஆனால் யூரியாவையோ கோழியெருவையோ சட்டியில் இட்டால் இக்கொடியின் வேர் கருகிவிடும். குடுவைக்குள் இறைச்சித் துண்டு இடுவோரும் உளர். அது அழுகிக் குடுவையைக் கெடுக்கும். கொடி வெளியில் நின்றால் எறும்புகளே போதுமானவை.

மழைநீரே இதற்கு உகந்த நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் வன்மையானது. அதனை ஊற்றினால் கொடி நாளடைவில் நலியும். கச்சானும் சோளகமும் வறட்சியாக வீசும் இடங்களில் குடுவை உருவாவது அரிது. ஆகவே உலர்வலயத்தார் இதனை வருவாய்ப் பயிராகக் கருதுதல் வேண்டா.

சட்டியின் கீழே தட்டு வைத்து நீர் தேக்கலாகாது. குடுவைநீரைவிடத் தட்டுநீரும் எறியப்பட்ட சிரட்டையுமே டெங்கு பரப்பும் நுளம்பு பெருகுவதற்கு வாய்ப்பாவன. நீர் தங்காது வடியும் சட்டியில் அடிக்கடி நனைத்தலே தக்க முறை.

குடுவைக் கொடியைக் காய்கறிப் பாத்தியருகே நட்டால் பூச்சித் தொல்லை நீங்கும் என்பதும் வெறும் நம்பிக்கையே. அது பிடிப்பது பெரும்பாலும் எறும்பை. கத்தரியின் தண்டு துளைக்கும் புழுவை அன்று.

காட்டுக் கொடியைக் காத்தல்

இவ்வளவு உழைப்பு எதற்கு, காட்டிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கி வந்தாற் போதாதா என்று கேட்போர் உண்டு. முற்றிய கொடியின் வேர் மெல்லியது. கறுத்து எளிதில் முறிவது. பிடுங்கிய கொடி சட்டியிற் சில வாரம் பசுமையாக நின்று, குடுவைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, பெரும்பாலும் பட்டுப்போகும். வாங்கியவர் ஏமாறுவர், விற்றவரிடம் மறுமுறை வாரார், காட்டிலோ அவ்விடம் வெறுமையாகும்.

பிடுங்கப்பட்டது பெண்கொடியாயின் அவ்விடத்து விதையும் அதனோடு போயிற்று. எஞ்சிய ஆண்கொடி பூத்துப் பூத்து உதிர்ந்தாலும் பயனில்லை. தேயிலை, இறப்பர், தெரு, வீடு ஆகியவற்றுக்காக இதன் நிலங்கள் முன்னரே சுருங்கிவிட்டன. இலங்கையில் இது அழிந்தால், மீட்டுக் கொண்டுவருவதற்கு வேறு நாட்டில் இயற்கையான இருப்பிடம் இல்லை.

ஒதுக்குக் காடுகளிலிருந்து செடிகொடிகளை எடுத்தல் சட்டப்படி குற்றமாகும். அன்றியும் குடுவைக் கொடி இனங்கள் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அனுமதிப் பத்திரமின்றிக் கொடியை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. வெளியூர் வணிகர் ஒருவர் காட்டுக் கொடிக்கு நல்ல விலை தருவதாகக் கூறினால், அவ்விலை ஒரு நாளைக்குரியது. வீட்டில் நிற்கும் ஆணும் பெண்ணுமாகிய இணையோ ஆண்டுதோறும் பயன் தருவது என்பதை நினைக்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பூப்பதனால் வலுவான குடுவைக் கொடி சாவதில்லை; குடுவைகள் சில காலம் சிறுக்கும்.

2. இளங்கொடி, நோயுற்ற கொடி, புதிதாகச் சட்டி மாற்றிய கொடி ஆகியவற்றின் பூங்கொத்தை வெட்டிவிடுக.

3. வலுவான கொடியின் முதற் பூங்கொத்தைச் சில பூக்கள் மலரும் வரை விட்டு, ஆணா பெண்ணா என்று அறிந்து குறித்து வைக்க.

4. ஆணும் பெண்ணும் ஒருங்கே பூத்தால் கையால் மகரந்தஞ் சேர்த்து விதை எடுக்க. ஒரு கொத்தில் பத்துப் பதினைந்து காய்கள் போதும்.

5. விதையைச் சேமித்து வைக்காது உடனே மேற்பரப்பில் விதைக்க.

6. வேருக்குப் பசளையும் வன்னீரும் வேண்டா.

7. காட்டுக் கொடியைப் பிடுங்கவும் அதன் பூவைக் கிள்ளவும் வேண்டா.

விதை வெங்காயத்தை உண்டுவிட்ட வீட்டில் அடுத்த போகத்துக்குப் பயிரில்லை என்பதைக் கமக்காரர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. குடுவைக் கொடிக்கும் அதுவே முறை. விற்பதற்குச் சில கொடிகளில் பூவை வெட்டினாலும், இனம் தொடர்வதற்கென ஆணொன்றும் பெண்ணொன்றும் வலுவோடு நின்று பூக்க விடப்படல் வேண்டும்.